மடக்குப் பெட்டி, மூடி போட்ட கிண்ணம், வார்ப்பிரும்பு, குமுட்டி: சின்னக் கரி கிரில் எதை வாங்கலாம்?

சின்ன கிரில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கம்பித் தட்டு எத்தனை அங்குலம் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, வேண்டியபோது அதை அடைக்க முடியுமா? கரி எத்தனை நிமிடத்தில் தணலாகும், கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் என்ன செய்யலாம், சமைத்து முடித்து எப்போது கிளம்பலாம் என்பதெல்லாம் அந்தத் துளைகளைப் பொறுத்தவை. நாலு பேருக்கு, மொட்டை மாடியிலோ தோப்பிலோ, ஒரு மணி நேரத்துக்குள் சமைத்து முடிக்க வேண்டும் என்ற கணக்கில் நான்கு வகைகளைப் பார்ப்போம்.

சூட்கேஸ் போல மடியும் தகரப் பெட்டிதான் விலை குறைவு, எடையும் குறைவு. குறைகளும் அதிகம். தகடு மெல்லியது, நாலைந்து முறை சூடேறினால் அடிப்பகுதி வளைந்து, தட்டு ஒரு பக்கம் சாயும். துளைகள் பக்கவாட்டில் மட்டுமே இருப்பதால் நடுவில் பரப்பிய கரிக்குக் காற்று எட்டாது. ஓரம் கனன்றுகொண்டிருக்கும்போது நடு கறுப்பாகவே கிடக்கும். கரியை முழுக்கப் பரப்பாமல், துளை இருக்கும் பக்கமாக மேடாகக் குவித்து, மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். தீ எழும்பும்போது இறைச்சியை ஒதுக்கி வைக்கவும் அந்தக் காலி இடம்தான் உதவும், ஏனென்றால் காற்றை அடைக்க இதில் வழியே கிடையாது. கால் குட்டையாக இருந்தால் சூடு நேரே தரைக்கு இறங்கி மாடித் தரை ஓடுகளை விரிசல் விடச் செய்யும். கீழே செங்கல் அடுக்கியே தீர வேண்டும். கம்பித் தட்டு துத்தநாகம் பூசியதாக இருந்தால் வாங்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும். தணல் அதைவிடக் கடுஞ்சூடு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை அதே அளவில் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மூடி போட்ட கிண்ண வடிவம் 1952-இல் சிகாகோ பக்கத்தில் பிறந்தது. வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவைகளுக்காகச் செய்யும் உலோக அரைக்கோளங்களை எடுத்து ஒன்றைக் கிண்ணமாகவும் மற்றதை மூடியாகவும் ஆக்கினார். அதன் குட்டி வடிவமான ஸ்மோக்கி ஜோ கிரில்லின் தட்டு சுமார் 37 செ.மீ. விட்டம். இதே அளவில் மற்றவர்கள் செய்வதும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் மூடி எல்லாப் பக்கமும் பொருந்தி உட்காருகிறதா, துளையடைப்பான் தளராமல் திரும்புகிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். இதில் இரண்டாவது சரியில்லை என்றால் மூடி இருந்தும் பயனில்லை.

எலும்போடு கூடிய கோழிக்கால் சுட வேண்டுமானால் நான்கிலும் இது ஒன்றுதான் சரி. 700 முதல் 800 கிராம் கரியைப் பற்றவைத்து, கறுப்பு மறைந்து நீறு பூத்ததும் கிண்ணத்தின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். கோழியைத் தணல் இல்லாத பாதியில் வைத்து, மூடியின் துளை கோழிக்கு நேர் மேலே வருமாறு மூடுங்கள். அப்போதுதான் சூடு தணலிலிருந்து கிளம்பி இறைச்சியைத் தாண்டி வெளியேறும். 30 முதல் 35 நிமிடம் கழித்து, தோலைத் தணலுக்கு நேரே இரண்டு நிமிடம் காட்டினால் போதும். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். நம் மசாலாவுக்கும் இந்த முறைதான் ஏற்றது. மிளகாய்த்தூளும் தயிரும் கெட்டியாகப் பூசியதைத் திறந்த தணலில் வைத்தால் மேலே கரிந்துவிடும், உள்ளே சிவப்பாகவே இருக்கும்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. பாதிச் சமையலில் தீ மங்கும். பலரும் கரி போதவில்லை என்று மேலும் கொட்டுவார்கள். உண்மையில் சாம்பலும் பொடிக்கரியும் கீழே விழுந்து துளையை அடைத்திருக்கும். நம்மூர்ச் சீமைக்கருவேலக் கரி மூட்டையில் அடியில் நிறையப் பொடி கிடக்கும். சல்லடையில் சலித்து, முட்டை அளவுக் கட்டிகளை மட்டும் எடுங்கள். கொட்டாங்குச்சிக் கரி என்றால் துண்டுகள் சிறியவை என்பதால் கரித்தட்டின் மேல் இன்னொரு வலையைக் குறுக்காகப் போடுங்கள். மழைக்காலத்தில் கரி ஈரம் குடித்துப் படபடவென்று பொறி தெறிக்கும். முதல் நாள் வெயிலில் காயவைத்தால் அடங்கும்.

ஹிபாச்சி என்ற பெயரில் விற்கும் வார்ப்பிரும்பு கிரில் மீனுக்கும் குச்சியில் கோத்த கறிக்கும் அருமை. ஜப்பானில் அந்தப் பெயர் அறையைச் சூடாக்கும் கரிச் சட்டிக்கு உரியது. மேசை மேல் வைத்துச் சுடும் அடுப்பை அவர்கள் ஷிச்சிரின் என்பார்கள். வார்ப்பிரும்பில் தட்டின் உயரத்தை இரண்டு மூன்று நிலைகளில் மாற்ற முடிவது பெரிய வசதி. வஞ்சிரத் துண்டு ஒட்டாமல் வர, தட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மீன் ஈரமில்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும், எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீனில் தடவ வேண்டும். இரண்டு செ.மீ. கனமுள்ள துண்டு மூன்று நாலு நிமிடத்தில் தானே கம்பியை விடும். அதற்கு முன் கரண்டியை நுழைத்தால் தோல் கம்பியோடு போய்விடும்.

ஆனால் வார்ப்பிரும்பு எடை அதிகம், காய்வதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கேட்கும், சமையல் முடிந்து ஒரு மணி நேரம் ஆனாலும் கையில் தூக்க முடியாது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் விரிசல்தான். கடலோர ஊர்களில் எண்ணெய் தடவாமல் வைத்தால் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். வீட்டை விட்டு நகராத கிரில்லாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

குமுட்டி அடுப்பை யாரும் கிரில் வரிசையில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். இரும்பு வாளிக்குள் மண் பூசி, நடுவில் சல்லடை, அடியில் ஒரு வாய். மண் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதாலும், காற்று கீழிருந்து குறுகலாக ஏறுவதாலும், நாலில் சீக்கிரம் தணலாவது இதில்தான். இருவருக்கு 300 முதல் 400 கிராம் கரி தாராளம். அடிவாய்க்கு நேரே விசிறினால் பத்து நிமிடத்தில் கங்கு கனியும். வாயை ஓட்டுத்துண்டால் பாதி மறைத்தால் சூடு தணியும். மேலே தடித்த கம்பி வலை ஒன்று போட்டால் பனீர், சோளக்கதிர், நெத்திலி, எலும்பில்லாத கறி எல்லாம் சுடலாம். இடம் குறைவு என்பதுதான் சிக்கல். நாலு பேருக்கு மூன்று சுற்றாகச் சுட வேண்டிவரும். புது மண் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பெருந்தீ போட்டால் மண் வெடித்து உதிரும். முதல் இரண்டு முறை கொஞ்சமாகக் கங்கு போட்டுக் காயவிடுங்கள்.

எதை வாங்கினாலும் மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை கறியில் ஏறிவிடும். தேங்காய் நாரும் உடைத்த கொட்டாங்குச்சியும் வைத்துப் பற்றவைத்தாலே போதும். தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளங்கையைக் காட்டுங்கள்: இரண்டு மூன்று விநாடிதான் தாங்குகிறது என்றால் மீனுக்கான சூடு, ஐந்து விநாடி தாங்கினால் கோழிக்கான சூடு. வீட்டுக்குள், கூடாரத்துக்குள், கார் டிக்கியில் தணலை வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் ஆளைக் கொல்லும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடி போட்ட கிண்ணத்தை வாங்குங்கள். கூடவே ஒரு குமுட்டியும் இருந்தால் தினசரிச் சின்னச் சுடலுக்கு அது. கிண்ணத்தில் சமையல் முடிந்ததும் மேலும் கீழும் உள்ள துளைகளை அடைத்து மூடினால் தணல் அணைந்து, மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். மற்ற மூன்றிலும் மிஞ்சும் கங்கை இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். கடற்கரையில் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஒன்றும் தெரியாது, வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் மிதிக்கும்.