எடை பார்க்காமல் பழைய டூரிங் பேடில் போர்டு வாங்காதீர்கள்: எனக்கு நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பேடில் போர்டு, அதாவது தண்ணீரில் நின்றுகொண்டு துடுப்புப் போட்டு ஓட்டும் மிதவைப் பலகை, வாங்குவதாக இருந்தால், தராசில் ஏற்றி எடை பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். போர்டுக்கு 68,000 ரூபாய், பார்சல் லாரிக்கு 4,500 ரூபாய். வந்து சேர்ந்தது, உள்ளே கடல்தண்ணீர் ஏறி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்த ஒரு பலகை.

என் வீடு புதுக்கடைப் பக்கம், வேலை மார்த்தாண்டத்தில். இரண்டு வருஷமாக நண்பருடைய காற்றடைக்கும் போர்டில் நின்று துடுப்புப் போட்டுப் பழகினேன். 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், எல்லோரும் முதலில் ஏறும் சாதாரண வகை. குழித்துறை ஆற்றில் அரை மணி நேரம் சுற்றிவர அது தாராளம். ஆனால் ஒன்றரை மணி நேரம் நேராகப் போய்த் திரும்ப நினைத்தால் தோள் கழன்றுவிடும். அதன் வட்ட மூக்கு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். இடது பக்கம் துடுப்புப் போட்டால் வலது பக்கம் திரும்பும், வலது பக்கம் போட்டால் இடது பக்கம். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்யும் டூரிங் போர்டு அப்படியில்லை. மூக்கு வள்ளத்தின் முன்பக்கம் மாதிரி கூர்மையாக இருக்கும், தண்ணீரைப் பிளந்து நேராகப் போகும். எனக்கு வேண்டியது அதுதான்.

வெளி மாவட்டத்தில் நீர் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையை ஒருவர் சொன்னார். பேசினேன். முதலில் 14 அடி நீளம், 24 அங்குல அகலத்தில் ஒரு ரேஸ் போர்டைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். "வேகம்னா இதுதான் சார்" என்றார்கள். பந்தயத்தில் 14 அடியும் 12 அடி 6 அங்குலமும் வழக்கமான நீளங்கள், அது சரி. ஆனால் 24 அங்குல அகலத்தில் நிற்க, தினமும் பழகிய கால் வேண்டும். ஆற்றில் ஒரு வள்ளம் கடந்துபோன அலைக்கே நம்மைப் போன்றவர்கள் விழுந்துவிடுவோம். நல்லவேளை, அதற்கு நான் மசியவில்லை. அப்புறம் 12 அடி 6 அங்குலம், 30 அங்குல அகலத்தில் ஒரு டூரிங் போர்டின் படங்களை அனுப்பினார்கள். முழுக் கார்பன் நார், எடை 12.5 கிலோ, ஒரே சீசன் ஓடியது, மூக்கில் ஒரு சின்ன அடி, அதையும் சரி செய்தாகிவிட்டது என்றார்கள். அளவு சரியாக இருந்ததும் மனசு அதில் மயங்கிவிட்டது. போய் நேரில் பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

போர்டு வந்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீலமும் வெள்ளையும், ஓரத்தில் கறுப்புக் கட்டம் போட்ட கார்பன் நெய்தல். முதல் இரண்டு வாரம் குழித்துறைத் தடுப்பணைக்கு மேலே, நன்னீரில் மட்டும்தான் ஓட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஓட்டும்போதே பின்பக்கம் தாழ்ந்து நின்றது. நிறுத்தினால் இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது. புது போர்டு, பழக வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு, ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகப் பக்கம் கொண்டுபோக நினைத்து, முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமா வந்தார். நாற்பது வருஷம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவர். ஒரு கையால் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். விரல் முட்டியால் மூக்கிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போனார். நடுவில் டங் டங் என்று கேட்ட சத்தம் பின்பக்கம் போகப் போகப் பொத்தென்று ஆனது.

"மக்களே, இது நல்லா வெள்ளம் குடிச்சிருக்கு."

"புதுசா வாங்கினது மாமா, ரெண்டு வாரம்தான் ஆச்சு."

"மரம் நனஞ்சா கட்டை அவுத்து கரையில காயப் போடுவோம். இதுக்குள்ள கேறின வெள்ளம் எங்க வழியா போவும்? நாளைக்கு பொழிக்கு போவாத."

நான் போகவில்லை. பொழியில் வற்றம், அதாவது கடல் இறங்கும்போது வரும் ஓட்டம், இழுக்கும் நேரத்தில் பின்பக்கம் கனத்த போர்டைத் திருப்புவது லேசு இல்லை. உள்ளே தண்ணீர் போனாலும் நுரை இருப்பதால் போர்டு முங்காது. ஆனால் முங்காத போர்டும் நம்மைக் கடலுக்குக் கொண்டுபோகும். இங்கே கடலை நம்பி விளையாட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் கள்ளக்கடல் (சொல்லாமல் எழும் பேரலை) அடித்து ஐந்து மருத்துவ மாணவர்கள் போன துக்கம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஆறவில்லை. சொன்ன பொருளைத் தராமல் ஏமாற்றுகிறவன் காசை மட்டும் எடுப்பதில்லை, அதில் ஏறி நிற்கும் ஆளின் உயிரையும் பணயம் வைக்கிறான். என் கோபம் அதற்குத்தான்.

மறுநாள் காலை மார்த்தாண்டம் சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடையின் தராசில் போர்டை ஏற்றினேன். 17 கிலோ 800 கிராம். அவர்கள் சொன்னதைவிட ஐந்து கிலோவுக்கு மேல் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபின்னைக் கழற்றினேன். ஃபின் என்றால் போர்டு நேராகப் போவதற்கு அடியில் மாட்டும் தகடு. அதை மாட்டும் பெட்டியின் மூலையில் முடி அளவு ஒரு விரிசல். வால் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்து, அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு! நான் ஓட்டியதெல்லாம் நன்னீர். அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் தட்டின் நடுவில் வெள்ளை வட்டமாக உப்பு படிந்திருந்தது. கடல்தண்ணீர் ஏறிய பிறகுதான் அந்தப் போர்டு என்னிடம் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்தேன்.

அப்புறம் காற்றுத் திருகு. நுரை வைத்த கடினமான போர்டுகளில் மேல்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். வெயிலில் உள்ளே காற்று விரிந்தால் வெளியேற வழி அது. சிலவற்றில் காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு இருக்கும், அதைத் தொட வேண்டாம். சாதாரணத் திருகாக இருந்தால் கரையில் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்குமுன் மூட வேண்டும். என் போர்டில் அதன் ரப்பர் வளையம் இல்லை. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த இடம் தெரியவில்லை.

மார்த்தாண்டத்தில் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறை அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூக்கில் 'சின்ன அடி' என்று சொன்ன இடத்தில் உப்புத்தாளால் தேய்த்தார். நீலம் போனது, அடியில் கார் பட்டி. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி. அதைச் சுரண்டினால் உள்ளே நுரை இருக்க வேண்டிய இடத்தில் குழி. இந்த நுரைமேல் எப்பாக்சி பிசின் மட்டும்தான் போடலாம். பாலியெஸ்டர் பிசினும் கார் பட்டியும் பட்டால், அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். இது பழுது பார்க்கிற எவருக்கும் தெரிந்த பாடம். தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே விற்பதற்காகப் பூசினார்களா, இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர்களை நம்ப முடியாது.

கார்பனும் பொய்தான். ஓரத்தில் இருந்த கறுப்பு நெய்தலை பிளேடால் கீறினார் அண்ணன். ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. அடியில் வெள்ளைக் கண்ணாடி இழை. கார்பன் நார் தேய்த்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். கண்ணாடி இழை போர்டு மட்டமானது என்று சொல்லவில்லை, டூரிங்குக்கு அது நன்றாகவே உழைக்கும். அதைக் கார்பன் விலைக்கு விற்றதுதான் மோசடி.

கடைக்குப் போன் செய்தேன். "நீங்க வெயில்ல வெச்சிருப்பீங்க சார்" என்றார்கள். உப்புத் தட்டின் வீடியோவை அனுப்பினேன். "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்றார்கள். கடைசியில், அந்தப் போர்டைத் திருப்பித் தந்தால் 5,000 ரூபாய் கழித்துக்கொண்டு வேறொரு போர்டு தருவதாகச் சொன்னார்கள். அதற்கு நான் எழுதிய பதிலைப் படித்ததாக வாட்ஸாப் காட்டியது. அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

இங்கே நான் செய்த இன்னொரு தப்பு பில். 'போர்டு 1, 68,000' என்று மட்டும் ஒரு துண்டுச்சீட்டு. நீளம் இல்லை, எடை இல்லை, கார்பன் என்ற சொல் இல்லை. பணமும் கடைக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள், செய்தேன். இப்போது எனக்குக் கைகொடுப்பது வாட்ஸாப்பில் அவர்களே எழுதிய 'ஃபுல் கார்பன், 12.5 கிலோ' என்ற வரிதான். யாராவது போனில் பேசி முடிக்கப் பார்த்தால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கடை வெளி மாவட்டம், அங்கே அலைய வேண்டுமே என்று பயந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இது கடைக்காரரிடம் வாங்கியதால். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை ஒரு தனி ஆள் விற்றால் இந்த வழி உதவாது, அதனால் அங்கே இரட்டைக் கவனம் வேண்டும்.

நேரில் பார்க்கப் போனால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: காலை வெயில் சாய்வாக விழும்போது போர்டைக் கவிழ்த்து வைத்து நீளவாக்கில் பாருங்கள். மேடு பள்ளம், பெயிண்டின் நிற வித்தியாசம் எல்லாம் அப்போதுதான் தெரியும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நிற்கும் இடத்தையும், தூக்கும் கைப்பிடியைச் சுற்றியும், ஃபின் பெட்டியைச் சுற்றியும் கட்டைவிரலால் அமுக்குங்கள். அமுங்கினால் மேல்தோல் நுரையை விட்டுவிட்டது என்று பொருள். கால் வைக்கும் மெத்தையின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தால் அதற்கடியில் பாருங்கள். போக முடியாவிட்டால் தராசில் ஏற்றிய வீடியோ கேளுங்கள், காற்றுத் திருகையும் ஃபின் பெட்டியையும் கிட்டத்தில் படம் கேளுங்கள். நேர்மையானவர் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்.

காற்றடைக்கும் டூரிங் போர்டு பார்க்கிறவர்கள், 6 அங்குலம் தடிமன் இருக்கிறதா என்று பாருங்கள். 4 அங்குலம் நடுவில் தொய்யும். அதில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை, பெரும்பாலும் 15 பிஎஸ்ஐ, அடித்து ஒரு ராத்திரி வைத்து மறுநாள் அளந்து பாருங்கள். முழுக்காற்றோடு நம் ஊர் வெயிலில் மட்டும் போடாதீர்கள், தையல் ஓரம் விட்டுவிடும்.

என் போர்டைச் சரி செய்யவில்லை. ஆணையம் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வராந்தாவில் சாய்த்து நிற்கிறது, அடியில் டம்ளருக்குப் பதில் இப்போது பக்கெட். இன்னும் சொட்டுகிறது. அந்த 24 அங்குல ரேஸ் போர்டு இன்னும் அந்தக் கடைக்காரர்களிடம் விலைக்கு இருக்கிறது. நேற்று கொளச்சலில் ஒரு தம்பிக்கு அதன் படங்கள் வந்திருந்தன, எனக்கு அனுப்பிக் கேட்டான். எட்டுப் படம். காற்றுத் திருகு எதிலும் இல்லை.