முதல் ஃபைபர்கிளாஸ் பெட்டிக்குச் சாமான் வாங்கிய ஜெலுத்தோங் கடை

என் மைவி காரின் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்), சக்கர வளைவை ஒட்டி சப்வூஃபர் எனும் அடித்தொனி ஸ்பீக்கருக்கு ஒரு ஃபைபர்கிளாஸ் பெட்டி செய்ய ரொம்ப நாள் ஆசை. பினாங்கு ஜெலுத்தோங்கில் படகு பழுதுபார்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போய் கண்ணாடி இழையை ஒட்டி இறுக்கும் பாலியஸ்டர் ரெசின் 5 கிலோ கேட்டேன். கடைக்கார அண்ணன் தரவில்லை. "முதல்ல வரைஞ்சு கொண்டு வா தம்பி" என்றார்.

மறுவாரம் படத்தோடு போனேன். ஸ்பேர் டயரை எடுக்க வழி இருக்கிறதா, ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பின்னால் இடம் போதுமா என்றுதான் முதலில் பார்த்தார். அப்புறம்தான் 450 கிராம் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) 2 கிலோ ரெசினும் எடை போட்டார். நம் ஊர் வெயிலுக்குக் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும், ஒரு தடவைக்கு 200 கிராம் ரெசினுக்கு மேல் கலக்காதே என்று டின்னிலேயே எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் நான் ஒருமுறை அரைக் கிலோ கலந்தேன். பாதி தடவுவதற்குள் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிட்டது. அவர் எழுதியதை அப்படியே கேளுங்கள்.

பூட்டுக்குள் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே அலுமினியத் தாள் விரித்து, மெழுகு பூசச் சொன்னதும் அவர்தான். பெட்டி ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வந்தது.

ஒரே குறை, ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி அங்கே இல்லை. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாடைக்குத் துணி முகமூடி உதவாது, வேறு கடையில் கட்டாயம் வாங்கிவிடுங்கள்.

அடுத்து முன்கதவு ஸ்பீக்கர். படம் வரைந்தாகிவிட்டது, சனிக்கிழமை அவரிடம் காட்டப் போகிறேன்.