மும்பை மாட்டுங்கா பல் கிளினிக்: ஒரு ஞானப்பல்லை எடுத்தார்கள், ஒன்றை விட்டார்கள்

கீழ்த்தாடையின் இடக்கோடியில் முளைத்தும் முளைக்காமலும் கிடந்த என் ஞானப்பல், சென்ற ஓராண்டில் மூன்று முறை என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. பாதிப் பல்லை மூடியிருந்த ஈறு மடலுக்குள் உணவுத் துணுக்கு புகுந்து சீழ் வைக்கும்; வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாது; ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் விழுங்கினால் அடங்கி, சில மாதம் கழித்து மறுபடி தொடங்கும். அம்மா சொன்னபடி கிராம்பை அடக்கி வைத்துப் பார்த்தேன். வலி சற்று மரத்ததே தவிர, ஈறுக்கடியில் இருந்த அழுக்கு அப்படியே இருந்தது.

செம்பூரில் முதலில் பார்த்த இடத்தில், எக்ஸ்ரேகூட எடுக்காமல், நான்கு ஞானப்பற்களையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று பேக்கேஜ் விலை எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலக நண்பர் சொன்ன மாட்டுங்கா கிழக்குக் கிளினிக்குக்குப் போனேன். பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இரண்டே நாற்காலிகளுடன் இயங்கும் இடம் அது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்ன மருத்துவர், அதைத் திரையில் விரித்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இடப்பக்கப் பல் முன்னால் சாய்ந்து அடுத்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் அந்த நல்ல பல்லிலும் சொத்தை தொடங்கியிருந்தது. வேருக்குச் சற்றுக் கீழே வாய்க்கால்போல் ஓடிய கறுத்த கோட்டைக் காட்டி, கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு செல்லும் பாதை அது என்றும், அறுவைக்குப் பின் உதடு சில நாள் மரத்திருக்கலாம், அரிதாக அது நீடிக்கவும் கூடும் என்றும் முன்கூட்டியே சொன்னார். வலப்பக்கப் பல் நேராக முளைத்து, பிரஷ் எட்டும் இடத்தில் இருந்தது. "அது பாட்டுக்கு இருக்கு, அதை ஏன் தொடணும்?" என்றார். மேல்தாடை ஞானப்பற்கள் இரண்டும் எனக்கு உருவாகவே இல்லை. நான்கையும் எடுப்பதாகச் சொன்னவர்கள் அந்த இரண்டை எங்கிருந்து எடுத்திருப்பார்களோ! நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதைப் பின்னர் படித்தபோது, இந்த மருத்துவர் மீது மதிப்பு கூடியது.

வியாழக்கிழமை மாலை நடந்த அறுவை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஊசி போட்ட பிறகு வலி இல்லை, அழுத்தம் மட்டும் தெரிந்தது. பல்லை மூன்று துண்டாக அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் எஃகுத் தட்டில் விழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு தையல். கட்டணம் 9,500 ரூபாய்.

கவனிப்புக் குறிப்புகள் அடங்கிய தாளில்தான் கோளாறு. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது, அதன் பிறகே வெதுவெதுப்பான உப்புநீர் என்று எல்லாம் சரியாகத்தான் அச்சிட்டிருந்தது, ஆனால் ஆங்கிலத்திலும் மராத்தியிலும். காத்திருப்போரில் பாதிப்பேர் தமிழ் பேசும் மாட்டுங்காவில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் அம்மாவிடம் அதை வாய்ச்சொல்லாகவாவது விளக்கியிருக்கலாம். வாய் மரத்துக் கிடந்த நானும் படிக்கவில்லை. அன்றிரவே அம்மா கலக்கித் தந்த உப்புநீரைக் கொப்பளித்துத் துப்பினேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழியை மூடிய இரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளித்தெரியும் 'டிரை சாக்கெட்' வந்துவிட்டது. சனி இரவு காதுவரை இழுத்த வலிக்கு, ஞாயிறு முழுவதும் அழைத்தும் அவர்களுடைய தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

திங்கள் காலை குழியைக் கழுவி, மருந்தில் தோய்த்த சிறு துணியை உள்ளே வைத்தார்கள். அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. வாயெல்லாம் பழகிய மணம் அடிக்கிறதே என்று கேட்டேன். கிராம்புத் தைலம் என்றார் மருத்துவர். உடன் வந்திருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கவில்லை.

தையல் பிரித்த அன்று, விட்டுவைத்த வலப்பக்கப் பல்லின் பின்புறத்தைத் துலக்க ஒற்றைக் குஞ்சமுள்ள சிறு பிரஷ் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடி முன் நிற்கவைத்துப் பழக்கினார்கள். பக்கத்துப் பல்லின் சொத்தையை அடைக்கவும் அங்கேதான் போகப்போகிறேன். நீங்களும் அங்கே பல் எடுப்பதாக இருந்தால், வார இறுதியை ஒட்டி நாள் குறிக்காமல் திங்களிலோ செவ்வாயிலோ குறித்துக்கொள்ளுங்கள். வலி வந்தால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும்.