மூணாறு ஈரத்துக்கு எந்தச் சர்க்கரை மீட்டர்?

தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வைத்துக்கொள்ள எஃப்ஏடி-ஜிடிஹெச் என்ற நொதி பூசிய ஸ்ட்ரிப் (ரத்தத்துளி வைக்கும் பட்டை) உள்ள மீட்டரே நல்லது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற வேறு நொதி உள்ள ஸ்ட்ரிப், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடவப்பாதி மழைதான் (தென்மேற்குப் பருவமழை) உண்மையான சோதனை. டப்பா மூடி திறந்து கிடந்தால் ஸ்ட்ரிப் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும். ஃபாயிலில் தனித்தனியாக வருவது விலை கூடுதல்தான். ஆனாலும் அதையே வாங்குங்கள்.

சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். அழுத்திப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு தப்பும். ஆரஞ்சு உரித்த கையோடு பார்த்தால் எண் எகிறும்.

ஐஎஸ்ஓ 15197:2013 தரப்படி சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீத வித்தியாசம் அனுமதி: அசல் 200 என்றால் மீட்டர் 170 முதல் 230 வரை காட்டலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கூட்டிக் காட்டும். மீட்டர் ஏற்கும் ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்பை அட்டைப்பெட்டித் தாளில் படித்துவிட்டு வாங்குங்கள்.