நம் தகவல், மூன்று சட்டங்கள்: எதில் சாமானியனுக்குப் பிடி அதிகம்?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டங்களை ஒப்பிடுபவர்கள் முதலில் பார்ப்பது அபராதத் தொகையை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போடலாம். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை. சிங்கப்பூரில் 10 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெரிய நிறுவனம் என்றால் உள்ளூர் விற்றுமுதலில் 10 சதவீதம் வரை. சரி, ஆனால் இந்தப் பணமெல்லாம் போவது அரசுக் கஜானாவுக்கு. தகவல் கசிந்துபோன ஆளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கதை வேறு.

(இலங்கையும் 2022-லேயே 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 மார்ச்சில் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. அதனால் இந்த அலசலில் சேர்க்கவில்லை.)

என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்?

இந்தக் கேள்வியில் ஐரோப்பாதான் முன்னால் நிற்கிறது. மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர் 2011-ல் ஃபேஸ்புக்கிடம் தன் தகவலைக் கேட்டார். 1,200 பக்கங்களுக்கு மேல் வந்தது. அவர் எப்போதோ அழித்த மெசேஜ்களும் அதில் இருந்தன. அப்போது இருந்தது 1995-ன் பழைய விதி. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் அதை இன்னும் இறுக்கிவிட்டது. கேட்டால் நகலே தர வேண்டும், காசு வாங்கக் கூடாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் நகல் கிடையாது, சுருக்கம்தான். அதுவும் நாம் சம்மதித்தோ நாமாகவோ கொடுத்த தகவலுக்கு மட்டும். ஆனால் ஒரு நல்ல விஷயம், நம் தகவலை வேறு எந்தெந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள் என்று பெயரோடு கேட்கலாம். கடன் ஆப்பில் ஒரு முறை நம்பர் போட்டுவிட்டு அப்புறம் பத்து இடத்திலிருந்து போன் வாங்குகிறவர்களுக்கு, 1,200 பக்கத்தைவிட இந்தப் பட்டியல்தான் உதவும் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரிலும் கேட்கலாம், ஆனால் நிறுவனம் நியாயமான கட்டணம் வசூலிக்கலாம்.

கசிந்துவிட்டால்?

பல்கேரியாவின் வரித்துறையை 2019-ல் ஹேக் செய்தார்கள். சுமார் 70 லட்சம் பேர் உள்ள நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் வெளியே போனது. அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் தன் அரசின் வரித்துறைக்கே 51 லட்சம் லெவா அபராதம் போட்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போக, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. என் தகவலை எவனாவது தவறாகப் பயன்படுத்திவிடுவானோ என்ற பயமே, அதற்கு நியாயமான காரணம் இருந்தால், நஷ்டஈட்டுக்குரிய பாதிப்பாகலாம் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பணம் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இங்கே 2023 ஜூனில், கோவிட் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தின் விவரங்களை ஒரு டெலிகிராம் பாட் (தானாகப் பதில் தரும் நிரல்) கொடுக்கிறது, போன் நம்பர் போட்டால் போதும் என்று செய்தி வந்தது. ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது மத்திய சுகாதார அமைச்சகம். அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த சட்டத்தில், எந்த அரசு அமைப்புக்கும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி முழு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. புகார்களை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசு. நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. இருந்த ஒரு வழியையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை, இந்தச் சட்டம் நீக்குகிறது. போதாக்குறைக்குப் பொய்ப் புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்.

சிங்கப்பூரில் அரசுத் துறைகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. ஆனாலும் 2018-ல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் உட்பட 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடுபோனபோது, குழுமத்துக்கும் அதன் கணினி நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம் விழுந்தது.

அடையாள அட்டை

சிங்கப்பூர் ஜெயிக்கும் இடம் இதுதான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவை அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தும் கட்டாயம் இருந்தாலொழிய, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது, அட்டையைப் பிடித்து வைக்கவும் கூடாது. குலுக்கல் பரிசுக்கோ கடை உறுப்பினர் அட்டைக்கோ அது எதற்கு? கடைக்காரருக்கும் புரியும் விதி. (2024 டிசம்பரில் அரசின் நிறுவனப் பதிவு இணையதளமே முழு எண்களைத் தேடலில் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

நம்மூர் லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். 12 இலக்கம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, போட்டோ, எல்லாம் ஒரே தாளில். அதைப் பஞ்ச் செய்து ஃபைலில் கோத்துவிடுவார்கள். இந்தியச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள, அல்லது பிறகு டிஜிட்டலாக்கப்பட்ட தகவலுக்கு மட்டுமே பொருந்தும். அதாவது ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் சட்டம் வரும். ஜெராக்ஸாக வாங்கி ஃபைலில் வைத்தால் வராது. 2022 மேயில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று இரண்டே நாளில் அது வாபஸ். அந்த மறைத்த ஆதாரை இன்றும் ஆணையத்தின் தளத்தில் டவுன்லோடு செய்யலாம்.

இந்தியா தனித்து நிற்கும் இடங்களும் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி தர வேண்டும். நமக்குப் பிறகு நம் தகவல் உரிமைகளைக் கையாள நாமினி வைக்கலாம். தகவல் கசிந்தால் ஆபத்து சிறிதா பெரிதா என்று பார்க்காமல், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஆபத்து அதிகம் என்றால்தான் சொல்வார்கள்.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நஷ்டஈட்டுக்காகவும் அரசையும் கட்டுப்படுத்துவதற்காகவும் ஐரோப்பியச் சட்டம். அதிலும் ஓட்டை உண்டு. பெரிய டெக் நிறுவனங்கள் பலவற்றின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தில். அவற்றின் மீதான புகார்கள் அங்கே போய் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 2023-ல் 120 கோடி யூரோ அபராதம் போட்டது அயர்லாந்துதான் என்றாலும், மற்ற நாடுகள் நெருக்கிய பிறகுதான் போட்டது.

இந்தியாவில் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. குடிமக்களின் உரிமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மேயில்தான் நடைமுறைக்கு வரும். அதே சட்டம் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) சட்டத்தில் செய்த திருத்தம், தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதிலை மறுப்பதை எளிதாக்கும் திருத்தம், அந்த நவம்பரிலேயே அமலாகிவிட்டது. 43ஏ நீங்குவதும் 2027 மேயில்தான். அதுவரை, நிறுவனத்தின் அலட்சியத்தால் வங்கி விவரமோ மருத்துவ விவரமோ கசிந்து நஷ்டப்பட்டவர்கள், 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையோடு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனு போடலாம்.