பாறசாலைக் கடையில் கே-ஃபோன்: நெட் நல்லாத்தான் இருக்கு, ஆனால் சுவிட்ச்?

கேரளத்துப் பாறசாலையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். வீடு களியக்காவிளையில், அதாவது தமிழ்நாட்டில். கடைக்கு கே-ஃபோன் எடுத்ததிலிருந்து "எப்படி இருக்கு அண்ணாச்சி, எடுக்கலாமா?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது, "அரசாங்க நெட்டா, நாம பாக்குறதையெல்லாம் அவன் பாப்பானே" என்று இன்னொரு கூட்டம் பயமுறுத்துகிறது. ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது கேரள அரசு தானே தொடங்கிய இணைய சேவை. 2023 ஜூன் 5-ல் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். கட்டுப்பாட்டு மையம் கொச்சி இன்ஃபோபார்க்கில். கேபிள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பங்கள் வழியாகவே வருகிறது, அதனால் ரோட்டைத் தோண்ட அனுமதி வாங்கி, பிறகு தோண்டிய குழியை மூடாமல் போகிற கதை இங்கே குறைவு. கரண்ட் லைன் எட்டியிருக்கிற இடத்துக்கெல்லாம் நெட்டும் எட்டலாம் என்பதுதான் இதில் இருக்கிற உண்மையான புத்திசாலித்தனம்.

விலை விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். தொடங்கும்போது அறிவித்த பட்டியலில் 20 எம்பிபிஎஸ், மாதம் 3000 ஜிபி, 299 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஆனால் அப்போது ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தது, அதை யாரும் முதல் பேச்சில் சொல்லவில்லை, 299 என்று கேட்டுவிட்டு வந்தவர் கையில் ரெண்டாயிரத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் வேலை நடந்தது. எனக்குப் பிடித்தது அப்லோடு. சர்டிபிகேட் ஸ்கேன்களை ஏற்றுவதுதான் என் பிழைப்பே. டவுன்லோடு வேகத்தை விளம்பரத்தில் பெரிசாகப் போட்டுவிட்டு அப்லோடில் ஊர்ந்துகொண்டிருந்த பழைய கம்பெனி ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். டிஎன்பிஎஸ்சி கடைசி நாளில் ஒரு பிள்ளையின் கையெழுத்து ஃபைல் ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவளுடைய அப்பா நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கம்பெனிக்குப் புகார் கொடுத்தால் ஆள் வரமாட்டான், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் மட்டும் வரும். இப்போது அந்த அவஸ்தை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். பெரிய லைன் அரசாங்கத்துடையது, ஆனால் கம்பத்திலிருந்து கடைக்குள் இழுத்துத் தருகிறவர் உள்ளூர் கேபிள்காரர். மழைக்காலத்தில் ஒரு ரப்பர் கிளை முறிந்து விழுந்து லைன் அறுந்தது, பெட்டியில் சிவப்பு லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது, நம்ம சேட்டன் "தா வருந்நு, தா வருந்நு" என்று சொல்லிச் சொல்லி மறுநாள் மதியம்தான் ஏணியோடு வந்தார். ஆக, கே-ஃபோன் எடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் உண்மையில் எடுப்பது உங்கள் தெருக் கேபிள்காரரை. அவர் எப்படிப்பட்டவர் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வருத்தம், இது என் கடைக்கு வெளியே உள்ளது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றுதான் இந்தத் திட்டத்தைப் பேசினார்கள். தொடங்கும்போது அறிவித்தது தொகுதிக்கு 100 வீடு, 140 தொகுதிக்கு 14,000. லைன் போட்டதைவிட வாக்குறுதி வேகமாகப் போயிருக்கிறது.

சரி, அந்தப் பயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் லைன் வைத்திருப்பதால்தான் கண்காணிப்பும் தடையும் வரும் என்று நினைப்பது தப்பு. யார் எப்போது இணைந்தார் என்று பதிவு வைப்பது தனியார் கம்பெனிக்கும் லைசென்ஸ் நிபந்தனைதான். தளத்தை முடக்கு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் மத்திய அரசு உத்தரவு போட்டால் எல்லா கம்பெனியும் முடக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால் கேரள அரசே இந்தச் சேவையை நடத்த 2022-ல் மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கித்தான் வந்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க 2018 மே மாதம் போதும். தூத்துக்குடியில் 13 பேரைப் பலிவாங்கிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்த தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. தனியார் சிம்தான் எல்லார் கையிலும், எல்லாம் ஒரே நேரத்தில் செத்தது. களியக்காவிளைப் பையன்கள் கேரளா டவர் பிடிக்கிற இடம் தேடி இஞ்சிவிளைப் பக்கம் நடந்தார்கள், கையை மேலே தூக்கிக்கொண்டு. ஒரு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கலவரம் என்று நெட்டை நிறுத்துவார்கள், அந்தப் பக்கம் நிறுத்த மாட்டார்களா என்ன?

அதனால் அரசாங்கம் நெட் நடத்தலாமா என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. லைன் இழுக்கட்டும், விலையைக் கட்டுக்குள் வைக்கட்டும். ஃபேஸ்புக் சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டி ஆள் பிடிக்க வந்தபோது, தளத்துக்குத் தளம் விலை வைக்கக் கூடாது என்று 2016-ல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) நிறுத்தியதே, அந்த மாதிரி வேலை அரசாங்கத்தால்தான் முடியும், நான் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்க? நெட்டை நிறுத்துகிற அதிகாரம், அந்த சுவிட்ச்தான் எனக்கு ஒத்துவராத இடம். 2020 ஜனவரி 10-ல் காஷ்மீர் வழக்கில், நெட்டை நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதே கேரளத்தில் அதற்கு முந்தைய வருஷம், ஹாஸ்டலில் மாலை 6 முதல் 10 வரை போன் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி வழக்குப் போட்டு, இணையம் அடிப்படை உரிமையின் பகுதி என்று உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். ஒரு பெண்பிள்ளை ஹாஸ்டல் வார்டனோடு சண்டை போட்டுக் கிடைத்தது, நம்ம கடைக்கும் சேர்த்துத்தான்.

என் மதிப்பெண்: வேகத்துக்கும் விலைக்கும் 5-க்கு 4, ரிப்பேருக்கு 2. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கடை வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம், அப்லோடு வேலை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கூடவே ஒரு செல்போன் டேட்டாவையும் ரீசார்ஜ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, இது கேரள அரசு சேவை, நம்ம வீட்டுக்கு வராது.