உப்புக்காற்றில் ஒரு ராலி கேசட்: வி-ராலி 3 நீண்டகாலப் பாவனை

வி-ராலி 3, நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்போய் அட்வான்ஸுக்கு வந்த ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. மட்டக்களப்பிலிருந்து அதைச் சேகரிக்க நினைப்பவர் பெட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கேம்போய் அட்வான்ஸ் விளையாட்டுகள் வந்த பெட்டி வெறும் மெல்லிய மட்டை. வெளிநாட்டில் முழுச் செட்டின் விலையைத் தூக்கிப் பிடிப்பது அந்த மட்டைதான். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஒரு மாரி கழிவதற்குள் முதலில் கெடுவதும் அதுதான். மூலை உப்பி, மடிப்புகளில் கரும்புள்ளி விழுந்து, கையேட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கேசட்டை மட்டும் வாங்குங்கள், ஆனால் அசலாக வாங்குங்கள். மிஞ்சும் காசை அதை ஓட்டும் கருவிக்குச் செலவழிக்கலாம்.

விளையாட்டு 2002இல் வந்தது. கேம்போய் பதிப்பைச் செய்தது விடி-டெவ் என்ற பிரெஞ்சுக் குழு. கருவியின் செயலி 16.78 மெகாஹேர்ட்ஸ், திரை 240க்கு 160 புள்ளி, முப்பரிமாணத்துக்கென்று தனிச் சிப் எதுவும் இல்லை. அதற்குள் முப்பரிமாணப் பாதையையும் சாரதி இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சியையும் ஓட வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேசட்டைத் தேடி வாங்க வைப்பது அந்த உட்புறக் காட்சிதான். சிலுவைப் பட்டனை அழுத்திப் பிடிப்பவருக்கு இது சரிவராது, கார் சுழன்று நின்றுவிடும். சிறு சிறு தட்டலாக வளைத்துப் பழக ஒரு கிழமை பிடிக்கும்.

கருவியைத் தெரிவதில் அவசரப்படக்கூடாது. முதல் கேம்போய் அட்வான்ஸின் திரைக்கு விளக்கு கிடையாது. பகலில் ஜன்னலோரம் இருந்தால்தான் பாதை தெரியும். 2003இல் வந்த அதன் மடிக்கும் பதிப்பான எஸ்பியில் இரண்டு வகை உண்டு. ஏஜிஎஸ்-001இல் வெளிச்சம் திரையின் முன்பக்கமிருந்து விழும், படம் சற்று வெளிறித் தெரியும். ஏஜிஎஸ்-101இல் வெளிச்சம் பின்னாலிருந்து வரும். பின்பக்க ஒட்டுத்தாளில் இலக்கம் இருக்கும், ஆனால் வெளிக்கூட்டை மாற்றி விற்பவர்கள் அதையும் மாற்றியிருப்பார்கள். வெளிச்சப் பட்டனை அழுத்திப் பாருங்கள்: 001இல் விளக்கு அணைந்து எரியும், 101இல் அணையாது, கூடிக் குறையும். 101க்கு விலை அதிகம். மலிவாக விளையாட விரும்பினால் நின்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான பழைய டிஎஸ் லைட் போதும். அதன் கீழ்ப்பக்கத் துளையில் கேம்போய் அட்வான்ஸ் கேசட் போகும், திரையும் பளிச்சென்று இருக்கும். பின்னால் வந்த டிஎஸ்ஐயில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள், அதை வாங்கிவிடாதீர்கள்.

கேசட்டுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஐரோப்பியக் கேசட் ஜப்பான் கருவியிலும் ஓடும். சேர்ஜர் அப்படியல்ல. ஜப்பானிலிருந்து எஸ்பியோடு வரும் சேர்ஜர் 100 வோல்டுக்கானது. நமது 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் கருகிப்போகும். கருவி கேட்பது 5.2 வோல்ட், 320 மில்லி அம்பியர். எஸ்பிக்கு முனை பொருந்தும் யூஎஸ்பி கேபிள் கிடைக்கிறது, அதைப் பாவிப்பதே பாதுகாப்பு. பற்றரி மூடி மேடாகத் தெரிந்தாலோ, திருகாணி இறுகாமல் நின்றாலோ உள்ளே லித்தியம் பற்றரி வீங்கியிருக்கலாம். அதைச் சார்ஜ் போடாமல் கழற்றிவிடுங்கள்.

இனிப் போலி. வளைகுடா போய் வந்தவர்களின் பெட்டிகளில் கிடந்து கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கைமாறும் கேசட்டுகளில் அசலும் நகலும் கலந்தே கிடக்கும். நகலில் பலதும் நன்றாகவே ஓடும், அதனால் ஓடுகிறது என்பது அத்தாட்சி ஆகாது. கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். அசல் லேபலில், அச்சின் மேலே, இரண்டு இலக்கங்கள் நகத்தால் குத்தியதுபோல மெல்லிதாக அமுங்கியிருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, ஒளி சாய்ந்தால் தெரியும். அடுத்தது தொடுகை வாய். உள்ளே 32 பொன்முலாம் பூசிய பட்டைகள் வரிசையாக இருக்கும்; அவற்றுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கும். தூரத்திலிருந்து வாங்குவதானால் இந்த வாயின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். லேபலின் கீழ் உள்ள நாலெழுத்துக் குறியின் கடைசி எழுத்து ஐரோப்பாவுக்கு பீ (P), அமெரிக்காவுக்கு ஈ (E), ஜப்பானுக்கு ஜே (J). குறி ஒரு நாட்டையும் படம் இன்னொரு நாட்டையும் சொன்னால் அது நகல்.

கடைசிச் சோதனை சேமிப்பு. ஒரு சுற்றின் நேரத்தைப் பதிந்து, அணைத்து, கேசட்டைக் கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மலிவான நகல்கள் இங்கேதான் பிடிபடும்.

பழுதுகளில் இந்தக் கரையோரத்தில் முதலிடம் தொடுகைப் பட்டைகளில் பிடிக்கும் பச்சைக் களிம்புக்கு. வாடைக்காற்றுக் காலத்து ஈரமும் உப்பும் பொன்முலாம் தேய்ந்த இடத்தில் செம்பைப் பிடித்துவிடும். திரை வெள்ளையாக நிற்பதும், விளையாட்டு தொடங்காமல் நிற்பதும் இதனால்தான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பழுதை விரைவாக்கும். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தொட்டு, பட்டையின் நீளவாக்கில் தேயுங்கள். நாலைந்து குச்சி கறுக்கும். கறுக்காத குச்சி வரும்வரை மாற்றுங்கள். பாமசியில் கிடைக்கும் 70 வீதத்திலும் செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர் கலந்திருப்பதால் ஒரு மணித்தியாலமாவது காயவிட வேண்டும். அழிறப்பர் கடைசி ஆயுதம். ஒவ்வொரு முறையும் அது பொன்னைச் சுரண்டும்.

கேசட்டைத் திறக்க வேண்டி வந்தால் பின்புறத்தில் ஒரே ஒரு திருகாணிதான், மூன்று கைகொண்ட ஒய் வடிவத் தலை. தட்டை முனை ஸ்குரூ ட்ரைவரை வைத்து முறுக்கித் தலையைக் கெடுத்த கேசட்டுகள் ஏராளம். கெட்ட தலை வாங்குபவருக்குச் சந்தேகத்தைத் தரும், விலையும் இறங்கும்.

விளையாடும்போது கருவியை அசைத்தால் அணைந்து மீள்வது கேசட்டின் குற்றமல்ல. மின்சுவிச்சின் உள்ளே படிந்த படலம் மின்னைத் தடுக்கிறது. பற்றரியைக் கழற்றி, சுவிச் இடுக்கில் ஒரு துளி அல்ககோல் விட்டு, முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளிக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும். எஸ்பியின் தோள்பட்டன்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இதோடு சேர்த்துத் தேடப்படும் டாப் கியர் பாக்கெட்டைப் பற்றி ஒரு சொல். 1999இன் அந்தக் கேம்போய் கலர் கேசட்டுக்குள் அதிர்வு மோட்டாரும் அதை ஓட்ட ஒரு ஏஏஏ பற்றரியும் உண்டு. பற்றரியை விட்டுவைத்தவர்களின் கேசட்டில் அது கசிந்து தகட்டைத் தின்றிருக்கும், மூடியைத் திறக்காமல் வாங்காதீர்கள். வெள்ளைப் பொருக்கைத் தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் கரைத்து, பிறகு அல்ககோலால் துடைக்கலாம். கசிவது காரம், அதனால் புளி அதை முறிக்கும். சாறு பலகையில் படக்கூடாது.

மதிப்பிடும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவை என்ற வடிகட்டியைப் போட்டு, கடைசிப் பத்து விற்பனையில் உச்சத்தையும் அடியையும் நீக்கி நடுவை எடுங்கள். கேசட் மட்டும் விற்றது வேறு, பெட்டியோடு விற்றது வேறு, இரண்டையும் கலக்கக்கூடாது. வங்கியின் விற்பனை வீதத்தில் ரூபாவாக்கி, தபால் செலவையும், சுங்கத்தில் வரி விழுந்தால் 18 வீத வற் உட்பட அதையும் கூட்டினால் இங்கே ஒரு கேசட் வந்து சேரும் உண்மையான விலை கிடைக்கும். உள்ளூரில் ஒருவர் அதைவிடக் கூடக் கேட்டால் விட்டுவிடலாம். வி-ராலி 3 அரிதான கேசட் அல்ல, இன்னொன்று வரும். கிழிந்த லேபலுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கேட்பது நியாயம். லேபலில் பேனாவால் எழுதிய பெயருக்கு அவ்வளவு குறைக்க வேண்டாம். அல்ககோலால் அழிக்கப் போய் அச்சையும் அழிப்பதைவிட எழுத்தோடு இருப்பது நல்லது.

வைக்கும் இடம் காற்றுப்புகா டப்பாவாக இருக்கட்டும். ஒவ்வொரு கேசட்டையும் ஸிப் பூட்டுப் பையில் போட்டு, டப்பாவுக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஐம்பது கிராம் அளவு வையுங்கள். மாரிக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை அதைச் சட்டியில் சூடுகாட்டி மீட்கலாம். அரிசியைப் போடாதீர்கள், மாத்தூள் தொடுகைக்குள் போகும். கருவியை வைக்கும்போது பற்றரியைக் கழற்றித் தனியாக, பாதிச் சார்ஜோடு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு சுற்று ஓட்டினால் சுவிச்சும் பட்டனும் ஒட்டாமல் இருக்கும்.